கட்டாயக் கல்யாணமும் பிரிட்டன் விசாவும்: எந்த நிலையில் எந்தக் கதவைத் தட்டுவது

பிரிட்டனில் வளர்ந்த பெண்ணையோ பையனையோ மிரட்டிக் கட்டிவைக்கும் கல்யாணங்களில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு விசா இருக்கிறது. ஊரில் இருக்கும் மச்சானையோ மச்சாளையோ லண்டனுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோ நிரந்தர வதிவிட உரிமையோ உள்ள ஒருவர் தேவை. மறுபக்கம், ஸ்பௌஸ் விசாவில், அதாவது வாழ்க்கைத் துணைக்கான விசாவில், வந்திறங்கிய பெண்ணைப் பார்த்து "வெளியே வாய் திறந்தால் உன் விசாவை வெட்டிவிடுவேன்" என்று கணவன் வீட்டார் சொல்வதும் அதே விசாவை வைத்துத்தான்.

இரண்டு நிலைக்கும் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் குடும்ப நீதிமன்றம், போலீஸ், விசாவைக் கையாளும் உள்துறையான ஹோம் ஆபீஸ் மூன்றும் தனித்தனிக் கதவுகள். எதை முதலில் தட்டுவது என்பதில் பிசகினால் ஒரு பக்கம் பாதுகாப்பு கிடைத்து மறுபக்கம் விசா பறிபோகும். இங்கே சொல்லப்படுவது இங்கிலாந்து, வேல்ஸ் நிலவரம். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் இதே போன்ற பாதுகாப்பு உண்டு, நீதிமன்றங்களும் படிவங்களும் வேறு.

ஆபத்து இந்த நிமிடமே என்றால் மீதியைப் படிக்க வேண்டாம், 999-ஐ அழையுங்கள். பக்கத்தில் ஆள் இருப்பதால் பேச முடியாவிட்டால் மொபைலில் 999 அழுத்தி, இணைப்பாளர் கேட்கும்போது இருமுங்கள் அல்லது திரையைத் தட்டுங்கள். பதிவுக் குரல் சொன்னதும் 55 அழுத்துங்கள், அழைப்பு போலீசுக்குப் போகும். 55 அழுத்தியதால் மட்டும் நீங்கள் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரிந்துவிடாது. ஆம், இல்லை என்ற அளவிலாவது பதில் சொல்லப் பாருங்கள்.

எதைச் சட்டம் "கட்டாயம்" என்கிறது

பெற்றோர் வரன் பார்ப்பது குற்றமல்ல. "வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு உண்மையிலேயே இடம் இருந்ததா என்பதுதான் கேள்வி. 2014-ஆம் ஆண்டின் சமூக விரோத நடத்தை, குற்றம் மற்றும் காவல் சட்டம், 121-ஆம் பிரிவின்படி வன்முறை, மிரட்டல் அல்லது வேறு எந்த வகை நிர்ப்பந்தத்தாலும் ஒருவரைக் கல்யாணத்துக்குள் தள்ளுவது குற்றம். அதிகபட்சத் தண்டனை 7 ஆண்டு. கல்யாணம் வெளிநாட்டில் நடந்தாலும், செய்தவரோ பாதிக்கப்பட்டவரோ பிரிட்டிஷ் குடிமகனாக இருந்தால், அல்லது இங்கே வழக்கமாக வசிப்பவராக இருந்தால், சட்டம் பாயும். ஏமாற்றி வெளிநாட்டுக்கு அழைத்துப்போவதே தனிக் குற்றம். தாலி கட்டும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அடித்தால்தான் நிர்ப்பந்தம் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். "நீ மாட்டேன் என்றால் நான் மருந்தைக் குடிப்பேன்" என்று அம்மா தினமும் சொல்வது, படிப்பை நிறுத்துவது, போனைப் பறிப்பது, வீட்டுக்குள் பூட்டுவது, "உன் தங்கச்சிக்கு எவன் வருவான்" என்று மாதக்கணக்கில் அரிப்பது எல்லாமே இதில் சேரும். ஒருவர் சம்மதத்தைப் புரிந்துகொள்ளும் நிலையில் இல்லாதவர் என்றால், உதாரணமாகக் கடுமையான கற்றல் குறைபாடு உள்ளவர் என்றால், நிர்ப்பந்தம் இருந்ததென்று நிரூபிக்கவே வேண்டாம். "எங்களுக்குப் பின் அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா" என்று நடக்கும் கல்யாணங்கள் இதில் வந்து விழுகின்றன. ஆண்களுக்கும் இந்தச் சட்டம் முழுமையாகப் பொருந்தும். பையன் ஓரினச் சேர்க்கையாளன் என்று தெரிந்ததும் அவசரமாகப் பெண் பார்ப்பது இதில் அடிக்கடி வரும் வகை.

18 வயதுக்குக் கீழே நிலைமை இன்னும் எளிது. 2023 பிப்ரவரி 27 முதல் இங்கிலாந்து, வேல்ஸில் திருமண வயது 18. அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கல்யாணம் செய்துவைப்பது, பிள்ளை சிரித்துக்கொண்டே சம்மதித்தாலும், குற்றம். சட்டப்படி பதிவாகாத கோயில் சடங்கும் வீட்டுச் சடங்கும் இதில் அடங்கும்.

தமிழ்க் குடும்பங்களில் இரண்டு இடங்களில் கண் வைக்க வேண்டும். இலங்கைத் தமிழர் மத்தியில் விசா விண்ணப்பத்துக்காகப் பதிவை முதலில் முடித்துவிட்டுச் சடங்கைப் பிறகு வைப்பது சாதாரணம். "இது வெறும் பேப்பர், கலியாணம் அடுத்த வருசம்தானே, வந்து கையெழுத்தை மட்டும் போடு" என்பார்கள். அந்தக் கையெழுத்துதான் கல்யாணம். அதற்குப் பிறகு "தாலியே கட்டவில்லையே" என்பது எந்த நீதிமன்றத்திலும் எடுபடாது. தமிழ்நாட்டில் இதற்கு நேர்மாறு. இந்துத் திருமணச் சட்டத்தில் 1967-இல் சேர்த்த 7ஏ பிரிவின்படி உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும். ஐயர் வேண்டாம், பதிவும் வேண்டாம். "ரிஜிஸ்டர் பண்ணவில்லை, அதனால் கல்யாணமே ஆகவில்லை" என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

விமானம் ஏறுவதற்கு முன்

இந்த முழு விஷயத்திலும் உங்கள் கை ஓங்கியிருக்கும் ஒரே கட்டம் இதுதான். பிரிட்டிஷ் மண்ணில் நிற்கும்வரை போலீஸ், நீதிமன்றம், பள்ளி, கவுன்சில் எல்லோருக்கும் உங்கள்மேல் பொறுப்பும் அதிகாரமும் இருக்கிறது. கட்டுநாயக்காவிலோ மீனம்பாக்கத்திலோ இறங்கிய பின் அவர்களால் முடிவது சுருங்கிப்போகும்.

முதல் அழைப்பு ஃபோர்ஸ்டு மேரேஜ் யூனிட்டுக்கு. வெளியுறவு அமைச்சகமும் ஹோம் ஆபீஸும் சேர்ந்து நடத்தும் பிரிவு இது, சுருக்கமாக எஃப்.எம்.யு. எண் 020 7008 0151, திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 முதல் மாலை 5 வரை. மற்ற நேரத்தில் 020 7008 5000-க்கு அழைத்து கட்டாயக் கல்யாணம் என்று சொன்னால் அவசர அலுவலரிடம் இணைப்பார்கள். உறுதியாகத் தெரியாவிட்டாலும், வெறும் சந்தேகம் என்றாலும் அழைக்கலாம். தோழிக்காக, மாணவிக்காக, தம்பிக்காகவும் அழைக்கலாம். அரசு அலுவலகத்தோடு பேசத் தயக்கம் என்றால் கர்மா நிர்வாணா என்ற தொண்டு அமைப்பின் உதவி எண் 0800 5999 247. இந்த எண்களைப் போனில் அந்தப் பெயரிலேயே சேமிக்க வேண்டாம். மனப்பாடம் செய்யுங்கள், அல்லது வகுப்புத் தோழி பெயரில் வையுங்கள், பேசியதும் அழைப்புப் பட்டியலை அழியுங்கள்.

போக வேண்டாம் என்று முடிவெடுத்தால் தடுப்பாணைக்குப் போகலாம், அது கீழே வருகிறது. போயே ஆக வேண்டிய நிலை என்றால், கிளம்புமுன் எஃப்.எம்.யு.விடமோ நம்பகமான ஒருவரிடமோ இவற்றை விட்டுச் செல்லுங்கள்:

- பாஸ்போர்ட்டின் படப் பக்கப் பிரதி, சமீபத்திய புகைப்படம்
- போகும், திரும்பும் விமான எண்களும் தேதிகளும், டிக்கெட் எடுத்த ஏஜென்சியின் பெயர்
- தங்கப்போகும் வீட்டின் முழு முகவரி. "யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீடு" என்றால் யாராலும் தேட முடியாது. ஊர், வார்டு அல்லது கிராம சேவகர் பிரிவு, பக்கத்துக் கோயில் அல்லது பள்ளி, வீட்டுக்காரர் முழுப்பெயர் வேண்டும்
- கூட வருபவர்களின் பெயர், கட்டிவைக்கப் பார்ப்பவரின் பெயர்
- ஆபத்தில் மட்டும் சொல்லும் ஒரு சங்கேதச் சொல்
- எந்தத் தேதிக்குள் உங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் போலீசுக்குப் போக வேண்டும் என்ற தெளிவான அனுமதி, உங்கள் கையெழுத்தோடு

கடைசியில் உள்ளதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 18 தாண்டிய ஒருவர் காணவில்லை என்று தோழி போய்ச் சொன்னால், "குடும்பத்தோடு விடுமுறைக்குப் போயிருக்கிறார்" என்ற பதிலில் விஷயம் நின்றுவிடலாம். இரண்டு வரியில் நீங்கள் எழுதிக்கொடுத்த கடிதம் அந்தப் பேச்சையே மாற்றும்.

உங்களோடு எடுத்துப்போக: ரோமிங் வேலை செய்யும், வீட்டாருக்குத் தெரியாத சின்ன போன் ஒன்று, சார்ஜரோடு. கொஞ்சம் பவுண்டு, கொஞ்சம் உள்ளூர்ப் பணம். கொழும்பு பிரிட்டிஷ் ஹைகமிஷன் அல்லது சென்னை பிரிட்டிஷ் துணை ஹைகமிஷனின் எண். கூகுள் மேப்பிலும் ஐபோனின் இடம்காட்டும் வசதியிலும் யார் யாரோடு உங்கள் இருப்பிடம் பகிரப்படுகிறது என்று பாருங்கள். பல வீடுகளில் எல்லோருக்கும் ஒரே குடும்பக் கணக்கு, அப்பா கையில் கடவுச்சொல்.

விமான நிலையம்தான் கடைசி வாய்ப்பு. செக்-இன் கவுண்டர், பாதுகாப்புச் சோதனை, சீருடையில் நிற்கும் போலீஸ், யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். அப்பாவும் அண்ணனும் இரண்டு பக்கமும் ஒட்டி நின்றால்? உள்ளாடைக்குள் ஓர் உலோகக் கரண்டியைச் செருகிக்கொள்ளச் சொல்கிறது கர்மா நிர்வாணா. மெட்டல் டிடெக்டர் ஒலிக்கும். அதிகாரிகள் உங்களைத் தனியாக அழைத்துச் சோதிக்க வேண்டிவரும். குடும்பம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தில் "என்னைக் கட்டாயக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போகிறார்கள்" என்ற ஒரு வரி போதும். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம், ஆனால் ஆளைத் தனியே பிரித்தெடுக்க இவ்வளவு மலிவான வழி வேறு இல்லை.

ஆசிரியர்களுக்கு ஒன்று. கோடை விடுமுறைக்கு முந்தைய வாரங்கள்தான் கவனிக்க வேண்டிய காலம். மாணவி சொன்னதை உறுதிசெய்ய வீட்டுக்குப் போன் செய்யாதீர்கள். பள்ளியின் பிள்ளைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே சொல்லுங்கள். இந்தத் துறையில் "ஒரே வாய்ப்பு விதி" என்பார்கள். அந்தப் பிள்ளை உங்களிடம் பேசும் ஒரே தடவை இதுவாகவே இருக்கலாம்.

கட்டாயக் கல்யாணத் தடுப்பாணை

2007-இல் இயற்றி 2008 நவம்பர் 25-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் தந்தது இது. எஃப்.எம்.பி.ஓ. என்பார்கள். பலரும் இதை நாடாததற்கு ஒரே காரணம், "அப்பாவை ஜெயிலுக்கு அனுப்ப எனக்கு மனசில்லை." அந்தப் பயம் இந்த ஆணைக்குப் பொருந்தாது. இது சிவில் ஆணை. ஆணை வந்ததால் யாருக்கும் குற்றப்பதிவு ஏறாது. மீறினால்தான் குற்றம், அதற்கு 5 ஆண்டு வரை சிறை. உங்கள் பெற்றோரைத் தண்டிக்காமல் தடுத்துவைக்க இதைவிட நல்ல கருவி பிரிட்டிஷ் சட்டத்தில் இல்லை என்பது எங்கள் கருத்து.

படிவத்தின் பெயர் எஃப்எல்401ஏ. நீதிமன்றக் கட்டணம் கிடையாது. நீங்களே போடலாம், உள்ளூராட்சிக் கவுன்சில் போடலாம், நீதிமன்ற அனுமதியோடு தோழியோ ஆசிரியரோ போடலாம். எல்லாக் குடும்ப நீதிமன்றமும் இதை எடுக்காது, பக்கத்தில் எது என்று எஃப்.எம்.யு. சொல்லும். சட்ட உதவி நிதிக்கும் விண்ணப்பிக்கலாம்.

கவனிக்க வேண்டியவை சில. படிவத்தில் உங்கள் முகவரியை எழுதாதீர்கள். இரகசிய முகவரிக்கு சி8 என்ற தனிப் படிவம் இருக்கிறது, அதைச் சேர்த்துக் கொடுங்கள். எதிர்த்தரப்புக்கு முன்கூட்டியே தெரிவிக்காமல் விசாரிக்கும்படி கேளுங்கள், ஏன் என்று இரண்டு வரியில் எழுதுங்கள்: "தெரிந்தால் நாளைக்கே டிக்கெட் எடுப்பார்கள்." அவசரமென்றால் அன்றைக்கே ஆணை கிடைக்கலாம். குடும்பத்தின் தரப்பைக் கேட்க இன்னொரு நாள் வைப்பார்கள்.

ஆணையில் என்ன கேட்கிறீர்களோ அதுதான் கிடைக்கும். "கல்யாணம் செய்துவைக்கக் கூடாது" என்று மட்டும் கேட்டு வந்துவிடாதீர்கள். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், புதிதாக விண்ணப்பிக்கக் கூடாது, நாட்டைவிட்டுக் கூட்டிப்போகக் கூடாது, நேரிலோ போனிலோ மற்றவர் மூலமோ தொந்தரவு செய்யக் கூடாது, ஏற்கெனவே கூட்டிப்போயிருந்தால் இருக்குமிடத்தைச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பெற்றோர் பெயரோடு நிறுத்தாமல் உண்மையில் ஏற்பாடு செய்கிற மாமாவின் பெயரையும் சேருங்கள். இலங்கைப் பாஸ்போர்ட்டும் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை மட்டும் கைப்பற்றிவிட்டு மற்றதில் ஏற்றிப்போக விட்டால் என்ன பயன்?

ஆணை வந்ததும் ஒரு பிரதி உள்ளூர்ப் போலீஸ் நிலையத்திலும் ஒரு பிரதி உங்கள் கைப்பையிலும் இருக்கட்டும். குற்ற வழக்காக மாறினாலும் ஊடகங்கள் உங்கள் அடையாளத்தை வெளியிட முடியாது. கட்டாயக் கல்யாணப் புகார்தாரருக்கு 2017 முதல் ஆயுள் முழுதும் பெயர் மறைப்பு உண்டு.

போன பின் சிக்கினால்

லண்டன் எண்ணுக்கே அழையுங்கள்: +44 20 7008 0151. பாஸ்போர்ட் பறிக்கப்பட்டிருந்தால் அவசரப் பயண ஆவணம் தருவார்கள். முன்பு விமானச் செலவைக் கடனாக எழுதி வாங்கினார்கள். 2019 முதல் கட்டாயக் கல்யாணத்திலிருந்து மீட்டு அழைத்துவரப்படுபவரிடம் அந்தச் செலவைக் கேட்பதில்லை.

இரட்டைக் குடியுரிமை இங்கே சிக்கலாகிறது. இலங்கை இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை. நீங்கள் இலங்கைக் குடியுரிமையும் உள்ளவர் என்றால் அந்த நாட்டுக்குள் பிரிட்டிஷ் தூதரகம் வழக்கமாகத் தலையிடாது. கட்டாயக் கல்யாணத்துக்கு விதிவிலக்கு தர இடமுண்டு, ஆகவே அந்தச் சொல்லை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். "வீட்டில் பிரச்சினை" என்று தொடங்கினால் கதை வேறு திசையில் போகும். இந்தியாவில் விசா காலம் முடிந்தபின்பும் வைத்திருந்தார்கள் என்றால் வெளியேற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் எக்ஸிட் பெர்மிட் தேவை, அதற்கும் நாள் பிடிக்கும்.

உள்ளூர் உதவிக்கு, இந்தியாவில் அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. இலங்கையில் போலீஸ் 119, பெண்கள் உதவிக்கு 1938. சாதி மாறிய காதல் காரணமாகத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோய் அடைத்திருந்தால் ஒரு தீர்ப்பின் பெயரைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சக்தி வாஹினி வழக்கில் 2018 மார்ச் 27-இல் இந்திய உச்ச நீதிமன்றம், ஆணவக் கொலை ஆபத்தில் இருக்கும் ஜோடிகளுக்கு மாவட்டம்தோறும் சிறப்புப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்று உத்தரவிட்டது. காவல் நிலையத்தில் "பேசி அனுப்பிவைக்கிறோம்" என்று தொடங்கினால் வழக்கறிஞர் எடுக்க வேண்டியது அதைத்தான்.

பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாமல் நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ளவர் தொடர்ந்து 2 ஆண்டுக்கு மேல் வெளியே வைக்கப்பட்டால் அந்த உரிமை காலாவதியாகும். ஆகவே "அடுத்த வருசம் திரும்பலாம்" என்ற பேச்சுக்குக் கெடு இருக்கிறது.

"ஸ்பான்சர் பண்ணு" என்கிறார்கள்

கல்யாணம் முடிந்து உங்களை மட்டும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், இனி விசா வேலை. ஸ்பௌஸ் விசாவுக்கு இரு தரப்புக்கும் 18 நிறைய வேண்டும், ஸ்பான்சருக்கு 2024 ஏப்ரல் முதல் ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு வேண்டும். வேலைக்கே போகவிடாத பெண்ணை, கல்யாணம் முடிந்த கையோடு "இரண்டு வேலை பார்" என்று துரத்துவதன் பின்னணி இந்தத் தொகைதான். சேலரி ஸ்லிப்பும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் உங்களுடையவை. உங்கள் பெயரில் உங்களுக்குத் தெரியாமல் விண்ணப்பம் போயிருந்தால் அதுவும் எஃப்.எம்.யு.விடம் சொல்ல வேண்டிய விஷயம்.

மனமில்லாத ஸ்பான்சர் என்று எஃப்.எம்.யு.விடம் தெரிவித்தால் விசா அதிகாரிகளுக்குத் தகவல் போகும். முடிவு வருமுன் சொல்வதே பலன் தரும். இங்கேதான் கசப்பான இடம் வருகிறது. விசா மறுக்கப்பட்டால் மறுப்புக்கான காரணம் விண்ணப்பதாரர் கைக்குப் போகும், மேல்முறையீட்டில் சான்றுகளும் போகும். உங்கள் வாக்குமூலத்தை வெளியிட நீங்கள் கையெழுத்திட்டுச் சம்மதித்தால்தான் அதை வைத்து மறுக்க முடியும். சம்மதிக்காவிட்டால் வருமானம், ஆவணம், ஆங்கிலத் தேர்வு என்று வேறு குறை கிடைத்தால்தான் உண்டு. ஆகவே வாக்குமூலத்தில் கையெழுத்து போடும் நாளுக்கு முன்பே தங்க இடமும் தடுப்பாணையும் தயாராக இருக்க வேண்டும். வரிசை மாறினால் மறுப்புக் கடிதம் ஊருக்குப் போகும், ஊரிலிருந்து போன் உங்கள் வீட்டுக்கு வரும், நீங்கள் அதே வீட்டில் இருப்பீர்கள்.

குடிவரவு விதியை இறுக்கினாலே கட்டாயக் கல்யாணம் நின்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை அரசுகளுக்கு உண்டு. டென்மார்க் 2002-இல் துணையை வரவழைக்க இருவருக்கும் 24 வயது என்றது. பிரிட்டன் 2008-இல் 18-ஐ 21 ஆக்கியது. 2011 அக்டோபரில் குயிலா, பிபி வழக்குகளில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், அந்த விதியை வைத்து அந்த ஜோடிகளுக்கு விசா மறுத்தது அவர்கள் குடும்ப வாழ்வு உரிமையை மீறியது என்றது. குயிலா சிலி நாட்டவர், பிரிட்டிஷ் பெண்ணைக் காதலித்து மணந்தவர், அங்கே கட்டாயம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எத்தனை கட்டாயக் கல்யாணங்களை அந்த விதி தடுத்தது என்று அரசால் காட்ட முடியவில்லை, உண்மையான ஜோடிகளை அது பிரித்தது மட்டும் கண்கூடாக இருந்தது. வயதை ஏற்றினால், 21 ஆகும்வரை பெண்ணை ஊரிலேயே வைத்திருக்கும் குடும்பத்துக்கு என்ன நட்டம்?

கல்யாணத்தை ரத்து செய்வதற்கும் கெடு உண்டு. மனமொப்பாமல் நிர்ப்பந்தத்தில் நடந்த திருமணத்தை இங்கிலாந்து நீதிமன்றம் ரத்து செய்யலாம், ஆனால் திருமண நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விவாகரத்துக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும், ரத்துக்கு அது வேண்டாம். இந்தியாவின் இந்துத் திருமணச் சட்டப்படி போனால் பலவந்தம் நீங்கியதிலிருந்து ஓராண்டுதான் அவகாசம், அதற்குப் பின் மனமொப்பிச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் வழக்கு நிற்காது.

ஸ்பௌஸ் விசாவில் வந்தவருக்கு

"நான் ஒரு மெயில் போட்டால் உன் விசா போச்சு" என்பதில் பாதி உண்மை. உறவு முறிந்தது என்று ஸ்பான்சர் தெரிவித்தால் ஹோம் ஆபீஸ் விசாவைச் சுருக்கலாம். மறைக்கப்படும் மீதிப் பாதி இது: முறிவுக்குக் காரணம் குடும்ப வன்முறை என்றால், பிரிட்டிஷ் குடிமகன் அல்லது நிரந்தர வதிவிடம் உள்ளவரின் துணையாக வந்தவர், 5 ஆண்டு காத்திராமல் தானே நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். அடி மட்டுமல்ல, பணத்தைப் பறிப்பது, பூட்டிவைப்பது, பாஸ்போர்ட்டை ஒளிப்பது, மாமியார் மாமனார் செய்யும் கொடுமை எல்லாம் வன்முறைதான்.

கையில் காசில்லை, போக இடமில்லை என்றால் முதல் படி எம்.வி.டி.ஏ.சி. என்ற சலுகை, குடும்ப வன்முறைக்கு ஆளான குடிவரவாளர்களுக்கானது. 2024 பிப்ரவரி வரை வேறு பெயரில் இருந்தது. விண்ணப்பம் இலவசம். கிடைத்தால் 3 மாத அனுமதி வரும், அரசு உதவித்தொகையும் வீட்டு உதவியும் கேட்கும் உரிமையோடு. அந்த 3 மாதத்துக்குள் நிரந்தர வதிவிட விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும். போட்டால் முடிவு வரும்வரை அதே நிபந்தனைகள் நீடிக்கும், விட்டால் எந்த அனுமதியும் இல்லாமல் நிற்பீர்கள். நிரந்தர வதிவிட விண்ணப்பக் கட்டணம் 3,000 பவுண்டு அளவில் இருக்கிறது, கட்ட வழியில்லை என்றால் விலக்கு கேட்கலாம். போலீஸ் புகார் இல்லாததால் தகுதியில்லை என்று நினைக்க வேண்டாம். குடும்ப மருத்துவர் குறிப்பு, பாதுகாப்பு இல்லத்தின் கடிதம், சமூக சேவையாளர் அறிக்கை, மிரட்டல் வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் சேர்ந்துதான் பார்க்கப்படும். ஆகவே குடும்ப மருத்துவரிடம் போகும் ஒவ்வொரு தடவையும் என்ன நடந்தது என்று சொல்லி எழுதவையுங்கள்.

இதே சலுகைதான் ஸ்கில்டு வொர்க்கர், கேர் வொர்க்கர், மாணவர் விசாவில் உள்ளவரின் துணையாக வந்தவருக்குப் பொறியாகவும் ஆகலாம். 2024 பிப்ரவரி முதல் அவர்களுக்கும் அந்த 3 மாதம் கிடைக்கிறது. ஆனால் வன்முறை வழியாக நிரந்தர வதிவிடம் அவர்களுக்குக் கிடையாது. புதிய 3 மாத அனுமதி பழைய விசாவின் இடத்தில் வந்து உட்காரும், அது முடிந்தால் திரும்பிப்போக பழைய விசாவும் இருக்காது. இந்த வகையில் இருப்பவர் படிவத்தைத் தொடுமுன் வழக்கறிஞரிடம் பேச வேண்டும். ஊருக்குப் போனால் கொன்றுவிடுவார்கள் என்ற நிலை இருந்தால் அடைக்கலக் கோரிக்கைக்கு இடம் உண்டு. 1999-இல் இஸ்லாம், ஷா என்ற இரு பெண்களின் வழக்கில், அப்போது பிரிட்டனின் இறுதி நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, நடத்தை கெட்டவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டு, நாட்டின் பாதுகாப்பும் கிடைக்காத பெண்களை அகதிகளாக ஏற்றது.

விடுமுறைக்கென்று ஊருக்குக் கூட்டிப்போய், அங்கேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் திரும்பிவரும் கணவர்கள் உண்டு. அதுவும் வன்முறைதான். 2024 முதல் வெளிநாட்டிலிருந்தபடியே இந்த வழியில் விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்று புதிதாக முளைத்தது. இப்போது விசா அட்டை இல்லை, எல்லாம் இ-விசா. அந்த ஆன்லைன் கணக்கு யார் மின்னஞ்சலில், யார் போன் எண்ணில் திறக்கப்பட்டது? பல வீடுகளில் கணவனுடையதில். ஒவ்வொரு முறை நுழையும்போதும் உறுதிப்படுத்தும் குறியீட்டு எண் அவன் போனுக்குப் போகும். வேலைக்கும் வீட்டுக்கும் காட்ட வேண்டிய உங்கள் ஆதாரம் அவன் கையில். வெளியேறத் திட்டமிடும்போதே பாஸ்போர்ட் எண்ணைக் குறித்துவையுங்கள். பாதுகாப்பான இடத்துக்குப் போனதும் கணக்கின் தொடர்பு விவரங்களை உங்களுடையதாக மாற்றுங்கள். முன்கூட்டி மாற்றினால் அறிவிப்பு அவனுக்குப் போகலாம்.

விசாவே இல்லாதவர் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். போலீஸ் ஹோம் ஆபீஸுக்குத் தகவல் தர முடியும், இடையே முழுத் தடுப்பு இல்லை. உயிருக்கு ஆபத்தென்றால் தயங்காமல் 999. அவகாசம் இருந்தால் முதலில் சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் போன்ற பெண்கள் உதவி அமைப்பு அல்லது வழக்கறிஞர், பிறகு போலீஸ். குடும்ப வன்முறைக்கான 24 மணி நேரத் தேசிய உதவி எண் 0808 2000 247.

செய்யக் கூடாதவை

பெரியவர்களை வைத்துப் பேசுவது. கோயில் தர்மகர்த்தா, ஊர்ச் சங்கத் தலைவர், "நல்ல மனுசன்" சித்தப்பா, யாரும் வேண்டாம். கௌரவத்தின் பெயரால் நடக்கும் கொலைகளில் சமரசம் பேச அழைத்த இடத்திலேயே நடந்தவை உண்டு. அதனால்தான் பிரிட்டிஷ் அரசின் வழிகாட்டி அதிகாரிகளுக்கே சமரசம் கூடாது என்கிறது. பாசத்தோடு வரும் "அம்மாவுக்கு நெஞ்சு வலி, ஒரு தரம் வந்து பார்த்துட்டுப் போ" என்ற அழைப்பையும் இதே வரிசையில் வையுங்கள். போய்த்தான் ஆக வேண்டுமென்றால் மருத்துவமனையைக் கேட்டு உறுதிசெய்து, ஆளோடு, பொது இடத்தில்.

தெரிந்தவரை மொழிபெயர்க்க வைப்பது. லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் தமிழர் வட்டம் சின்னது. போலீஸ் கூப்பிட்ட மொழிபெயர்ப்பாளர் உங்கள் மாமாவோடு ஒரே சங்கத்தில் இருக்கலாம். தொலைபேசி வழியாக, வேறு நகரத்திலிருந்து, பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், பெயர் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லுங்கள். யாழ்ப்பாணத் தமிழா தமிழ்நாட்டுத் தமிழா என்பதையும் குறிப்பிடலாம், வாக்குமூலத்தில் ஒரு சொல் பிசகினால் பிறகு முரண்பாடு என்பார்கள்.

"ஏஜென்ட் அண்ணா" ஒருவரிடம் படிவம் நிரப்பக் கொடுப்பது. பிரிட்டனில் குடிவரவு ஆலோசனை தர சொலிசிட்டர் போன்ற அங்கீகாரம் பெற்ற வழக்கறிஞராகவோ குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும். பதிவில்லாமல் செய்வது குற்றம். 2025 ஜனவரி வரை அந்த ஆணையம் ஓ.ஐ.எஸ்.சி. என்ற பெயரில் இருந்தது, ஆகவே கடை வாசலில் பழைய பெயர்ப் பலகை தொங்கினால் மட்டும் நம்பிவிடாமல், ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெயரைத் தேடிப் பாருங்கள். பட்டியலில் இருந்தாலும் உங்கள் கணவன் வீட்டாருக்கு வேலை செய்த அதே அலுவலகத்துக்குப் போகாதீர்கள்.